எங்கே ரம்பம் வைப்பது?

சக்கரங்களின் கதை – 17

போன வாரம் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல்ஸ் போட்டியைப் பார்த்தோம். இந்த வாரம் அங்கே ஓடிய வண்டிகளின் பக்கம் போவோம். குறிப்பாக ஒரு வண்டி: பதிவு எண் ஜிஓவி 132. ஏரியல் ஹெச்டி5, 500 சிசி, ஒற்றை சிலிண்டர். ஓட்டியவர் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த சாம்மி மில்லர். 1962இலும் 1964இலும் அந்த ஆறு நாள் போட்டியை இதில்தான் வென்றார். இன்று தெற்கு இங்கிலாந்தின் நியூ மில்டனில், அவர் பெயரிலேயே உள்ள அருங்காட்சியகத்தில் அது நிற்கிறது. பழைய டிரையல்ஸ் பைக்கை மாற்றிக் கட்டலாமா, எவ்வளவு மாற்றலாம் என்று சண்டை போடுகிறவர்கள் இரு தரப்பிலும் சாட்சிக்கு அழைப்பது இந்த வண்டியைத்தான்.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்கு விதியை மட்டும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். டிரையல்ஸில் வேகம் கணக்கில்லை. பாறை, ஓடை, சேறு, வேர் பின்னிய மேடு என்று கயிறு கட்டிக் குறித்த சிறு பகுதிகள் இருக்கும், செக்‌ஷன் என்பார்கள். அவற்றைக் காலைத் தரையில் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு முறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. வண்டி நின்றாலோ விழுந்தாலோ 5. குறைந்த புள்ளி வாங்கியவருக்கே வெற்றி. 1961இல் கார்டன் ஜாக்ஸன் 350 சிசி ஏஜேஎஸ் வண்டியில் ஆறு நாளும் ஓட்டி, மொத்தமாக இழந்தது ஒரே ஒரு புள்ளி!

மில்லருக்கு வருவோம். கம்பெனியிலிருந்து வெளிவந்த ஹெச்டி5 ஏறத்தாழ 130 கிலோ. மில்லரின் கையில் அது 110 கிலோவுக்கு இறங்கியது. இருபது கிலோவை ஒரே நாளில் யாரும் வெட்டி எறிய முடியாது. இரும்பு இருந்த இடத்தில் அலுமினியம், தகரம் இருந்த இடத்தில் ஃபைபர் கிளாஸ், தடித்த குழாய்க்குப் பதில் மெல்லிய உறுதியான குழாய் என்று பல பருவங்களாகச் செதுக்கியது அது. ஐம்பதுகளின் கடைசியில் ஏரியல் நிறுவனம் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் பக்கம் சாய்ந்து, பெரிய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளைக் கைகழுவியது. அதற்குப் பிறகும் மில்லர் அதே வண்டியை இழைத்துக்கொண்டே இருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த யுகத்தை முடித்துவைத்தவரும் அவர்தான். 1964இன் பிற்பகுதியில் ஸ்பெயினுக்குப் போய், பார்சலோனா அருகிலிருந்த புல்டாகோ தொழிற்சாலையில் உட்கார்ந்து ஷெர்பா டி என்ற 250 சிசி இரண்டு ஸ்ட்ரோக் வண்டியை உருவாக்கினார். எடை 90 கிலோ சொச்சம். 1965இல் ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியை அதில் வென்றார். வெளிநாட்டு வண்டி ஒன்று அங்கே ஜெயித்தது அதுவே முதல் முறை. கனத்த பிரிட்டிஷ் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குள் போயின.

பழைய வண்டிகளுக்கான போட்டிகள் 1965 என்ற ஆண்டில் கோடு கிழித்திருப்பது இதனால்தான். அதற்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டிகள் ஒரு வகுப்பு. பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர், காற்றில் குளிரும் இன்ஜின், டிரம் பிரேக் கொண்ட எழுபதுகளின் வண்டிகள் வேறொரு வகுப்பு. முதல் வகுப்பின் பெரிய திருவிழா, 1984 முதல் கின்லாக்லெவன் மலைக்கிராமத்தில் நடக்கும் இரண்டு நாள் போட்டி. அங்கே டிரையம்ஃப் டைகர் கப், பிஎஸ்ஏ சி15, ஜேம்ஸ், கிரீவ்ஸ் எல்லாம் வரும். பிஎஸ்ஏ பான்டம் நிறைய வரும். பான்டம் போட்டிக்கென்று பிறந்ததே அல்ல. உலகப் போருக்குப் பின் இழப்பீடாகக் கிடைத்த ஜெர்மானிய டிகேடபிள்யூ வடிவத்தை வைத்து 1948இல் செய்த சின்ன வண்டி. தந்தி கொண்டுபோன பையன்கள் ஓட்டியது. எடை குறைவு என்ற ஒரே குணத்தால் இன்று மலையேறுகிறது.

அப்படியொரு வண்டி கையில் இருக்கிறது, போட்டிக்குத் தயார் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை இன்ஜினில் இல்லை, ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கிறது. சாலை வண்டியில் ஃபுட்ரெஸ்ட் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு வைத்தது. டிரையல்ஸில் முழுநேரமும் நின்றுதான் ஓட்ட வேண்டும். அதனால் பழைய தாங்கியை அறுத்தெடுத்து, பின்னாலும் கீழேயும் தள்ளி வெல்டிங் வைப்பார்கள். உடல் எடை பின்சக்கரத்தின் மேல் இறங்கும், டயர் பிடிக்கும். முன்சக்கரத்தைத் தூக்கிப் பாறைமேல் வைப்பதும் எளிதாகும். அளவுக்கு மீறித் தள்ளினால், ஏற்றத்தில் முன்சக்கரம் தரையையே தொடாமல் மிதக்கும், திருப்ப முடியாது. கொஞ்ச தூரம்தான், ஆனால் வண்டியின் குணமே அங்கே மாறுகிறது. இத்தனை மாற்றங்களிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். செலவே கிடையாது, பொறுமை மட்டும் வேண்டும். தாங்கியை முதலில் லேசாக ஒட்டவைத்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி அறுத்து ஒட்டி, மனம் ஒப்பிய பிறகே முழு வெல்டிங்.

அடுத்தது ஸ்டீயரிங் தலை. பழைய வண்டிகளில் முன்ஃபோர்க் சாய்ந்து நீண்டிருக்கும். நேர்ச்சாலைக்கு அது நல்லது. இரண்டு மரங்களுக்கு நடுவே வளைத்துத் திருப்ப வேண்டிய இடத்தில் ஆகாது. ஃபிரேமின் கழுத்தைச் சூடாக்கி வளைத்தோ அறுத்து ஒட்டியோ ஃபோர்க்கைச் சற்று நிமிர்த்துவார்கள். இது தேர்ந்த கை செய்ய வேண்டிய வேலை. கழுத்தில் வெல்டிங் விட்டுப்போனால் புள்ளி போகாது, ஆள் போய்விடுவார்.

இன்ஜினில் நம் வழக்கத்துக்கு நேர்மாறான வேலை நடக்கும். பந்தய வண்டியில் ஃப்ளைவீலைக் கடைந்து எடையைக் குறைப்பார்கள். இங்கே லேத்தில் வளையம் கடைந்து ஃப்ளைவீலோடு சேர்த்து எடையைக் கூட்டுவார்கள். நடக்கும் வேகத்தில், ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் பாறைமேல் ஏறும்போது இன்ஜின் ஆஃப் ஆகக் கூடாது. சுழலும் அந்தக் கனம்தான் அடுத்த வெடிப்பு வரும்வரை வண்டியை இழுத்துச் செல்கிறது. கம்ப்ரஷனைக் குறைப்பதும், சின்ன கார்புரேட்டர் வைப்பதும், பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டு முதல் கியரை இன்னும் தாழ்த்துவதும் இதே இழுவைக்காகத்தான். டயரில் காற்று 4 முதல் 6 பவுண்டுதான். டயர் பாறையின் மேல் அமுங்கிப் பரவ வேண்டும். அவ்வளவு குறைந்த காற்றில் டயர் ரிம்மிலிருந்து நழுவி டியூபைக் கிழிக்கும் என்பதால், ரிம்மில் துளையிட்டு உள்ளிருந்து டயரை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டை மாட்டுவார்கள்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் 1964இல் ஒருவர் தன் வீட்டுப் பின்கட்டில் செய்திருக்க முடியும். ரம்பம், லேத், வெல்டிங் இருந்தால் போதும். என் அளவுகோல் இதுதான்: அன்றைய ஆள் அன்றைய கருவியால் செய்திருக்கக்கூடியது எதுவும் இன்று தப்பில்லை. இப்போதோ பணம் கொடுத்தால் புத்தம் புதிய ஃபிரேம், கணினி கடைந்த ஹப், பழைய உறைக்குள் ஒளித்த நவீன ஃபோர்க் உள்பாகம் எல்லாம் கிடைக்கின்றன. அப்படிக் கட்டிய பான்டத்தில் 1964ஐக் காட்ட இன்ஜின் கேஸ் மட்டும் மிஞ்சலாம். பெட்ரோல் டேங்கில் ஒட்டிய பெயர் அதை பிஎஸ்ஏ ஆக்கிவிடாது. பழைய ஃபோர்க் பாறையில் இடித்துத் தெறிக்கும். அதைக் கையாலும் முழங்காலாலும் வாங்கிக்கொள்ளும் திறமைக்குத்தான் இந்த வகுப்பே இருக்கிறது. ஃபோர்க்கே அந்த வேலையைச் செய்துவிட்டால் அப்புறம் 1965 என்று எதற்குக் கோடு?

ஒரே ஒரு விலக்கு தருவேன்: எலக்ட்ரானிக் இக்னிஷன். பழைய பாயிண்ட்டும் மேக்னெட்டோவும் ஈரத்தில் படுத்துவிடும்; நல்ல உதிரி கிடைப்பது வரவரக் குறைகிறது. இக்னிஷன் ஓட்டுபவருக்குத் திறமையைக் கடன் கொடுப்பதில்லை. வண்டியை உயிரோடு வைக்கிறது, அவ்வளவுதான்.

“பழையது பழையபடியே இருக்க வேண்டும், ஒரு நட்டைக்கூட மாற்றக் கூடாது” என்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1948இல் ராயல் என்ஃபீல்டு தன் புதிய புல்லட்டைப் பின்பக்கம் ஸ்விங்கிங் ஆர்ம், ஷாக் அப்சார்பரோடு டிரையல்ஸுக்குக் கொண்டுவந்தது. பின்சக்கரம் ஆடாமல் ஃபிரேமோடு இறுகி இருந்தால்தான் மண்ணைப் பிடிக்கும் என்று நம்பிய காலம் அது. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் இரண்டு புல்லட்டுகள் தங்கப் பதக்கம் வாங்கின. 1952இலும் 1957இலும் ஜானி பிரிட்டன் ஸ்காட்லாந்தை வென்றது புல்லட்டில்தான். மாற்றத்தை மறுத்திருந்தால் அந்த வண்டியே இல்லை.

அந்தப் புல்லட் 1955இல் சென்னைக்கு வந்த கதை நமக்குத் தெரியும். இங்கிலாந்தில் அது நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஸ்ட்ரோக் என்ற அதே அளவில் 346 சிசி இன்ஜின் வார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. 1977 முதல் இங்கிலாந்துக்கே திரும்பப் போனது. நீண்ட ஸ்ட்ரோக், கனத்த ஃப்ளைவீல், மெதுவான இழுவை என்று டிரையல்ஸுக்கு வேண்டியதெல்லாம் பிறவியிலேயே உள்ள வண்டி. 1980இல் சென்னையில் செய்த புல்லட்டை ஒருவர் 1964இன் முறைப்படி அறுத்து, ஒட்டி, இளைக்கவைத்துக் கொண்டுவந்தால் எந்த வகுப்பில் சேர்ப்பது? தேதியைப் பார்த்தால் வெளியே. வடிவத்தையும் கைவேலையையும் பார்த்தால் உள்ளே. போட்டியின் பதிவு மேசையில் நான் உட்கார்ந்திருந்தால், கணினி கடைந்த பான்டத்தை ஓரம் கட்டிவிட்டு அதற்கு எண் கொடுத்து அனுப்புவேன்.

(அடுத்த வாரம்: எசெக்ஸின் தண்டர்ஸ்லியில் பிறந்த கிரீவ்ஸ் வண்டிகள்)