எழில்ல முதல்ல எதைச் சரி பண்ணணும்?

பைத்தான்ல 'மயிலாப்பூர்'ங்கிற வார்த்தையோட நீளத்தைக் கேளுங்க. 11னு சொல்லும். விரல் விட்டு எண்ணினா ஆறு எழுத்துதான். யூனிகோடுல துணைக்கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு. பைத்தான் அதையும் சேர்த்து எண்ணுது.

முத்தையா அண்ணாமலை 2007ல ஆரம்பிச்ச 'எழில்' நிரல்மொழிக்கு அடியில ஓடுறதும் இதே பைத்தான்தான். பள்ளிப் பிள்ளைங்க தமிழ்லயே கோடிங் கத்துக்க உருவான ஓப்பன் சோர்ஸ் மொழி. நிபந்தனை முன்னாடி, 'ஆனால்' பின்னாடி. அப்படியே நம்ம பேச்சு வரிசை!

இந்த மாதிரி திட்டங்களுக்கு ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்துலதான் ஆள் கிடைக்கும். அப்போ எது முதல்ல? இன்ஜினியர் கை தானா வேகத்தைக் கூட்டத்தான் போகும் (என் கையும்தான்). ஆனா எட்டாம் கிளாஸ் பொண்ணு எழுதுற இருபது வரிக்கு வேகம் எதுக்கு? தன் பேரைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறப்ப புள்ளி இடம் மாறி நின்னா, லேப்டாப்பை மூடிட்டுப் போயிடுவா. அதனால எழுத்துதான் முதல்ல. அதுக்கு 'ஓப்பன் தமிழ்' லைப்ரரி இருக்கு. அதுல பிரிச்சா மயிலாப்பூர் ஆறுதான். அடுத்து, எந்த வரியில தப்புன்னு புரியுற தமிழ்ல பிழைச்செய்தி. வேகமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.