ஆடவர் தலைக்குத் தொப்பி திரும்புகின்றதா?

1922-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி, நியூயார்க் நகரத்து மன்ஹாட்டன் பகுதியில், வாலிபர் கூட்டமொன்று தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த தொழிலாளரின் வைக்கோல் தொப்பிகளைப் பறித்து மிதித்து நாசமாக்கி, பிறகு துறைமுகத் தொழிலாளரிடமும் அவ்வாறே செய்யத் துணிந்தபோது, அவர்கள் எதிர்த்து நின்றமையால் கைகலப்பு மூண்டு, மன்ஹாட்டன் பாலத்தில் போக்குவரத்தே ஸ்தம்பித்துப் போயிற்று. கோடைக்குரிய வைக்கோல் தொப்பியை நீக்கி, குளிர்காலத்துக்குரிய ஃபெல்ட் தொப்பிக்கு மாறவேண்டிய நாள் செப்டம்பர் 15 என்பது அந்நகரத்தில் எழுதப்படாத சட்டமாக இருந்தது. அந்நாளுக்குப் பின்னும் வைக்கோல் தொப்பியோடு தென்படுபவனைச் சிறுவர்கள் பரிகசிப்பதும் தொப்பியைத் தட்டிவிடுவதும் சகஜமாகக் கருதப்பட்டன. அவ்வாண்டில் அவர்கள் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே புறப்பட்டுவிட்டதனால் விளைந்த கலகம், பல இரவுகள் நீடித்தது.

தலையில் அணியும் ஒரு பொருள் மனிதர்மீது இத்தனை ஆதிக்கம் செலுத்திய காலம் ஒன்று இருந்தது என்பதை நினைவிற் கொண்டால்தான், ஃபெடோரா, பௌலர், பனாமா என்னும் தொப்பி வகைகள் மீண்டும் நாகரிகத்துக்கு வருகின்றன என்று சில ஆண்டுகளுக்கொருமுறை எழும் பேச்சை நாம் சரிவர எடைபோட இயலும்.

தொப்பி மறைந்ததற்கு அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடியே காரணம் என்று பலர் நம்புகின்றனர். 1961 ஜனவரி 20-ஆம் தேதி அவர் வெறுந்தலையோடு நின்று பதவியேற்றதைக் கண்டு அமெரிக்க ஆடவர் அனைவரும் தொப்பியைத் துறந்தனர் என்பது அக்கதை. உண்மையில் அன்றைய வைபவத்துக்கு அவர் சம்பிரதாயப்படி நீண்டுயர்ந்த பட்டுத் தொப்பி அணிந்தே வந்தார். பிரமாணத்தின்போதும் உரையின்போதும் மட்டுமே அதைக் கழற்றியிருந்தார். தொப்பியின் க்ஷீணமோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. தெருவில் நடந்தும் திறந்த வண்டிகளில் ஏறியும் மழைக்கும் புகைக்கரிக்கும் தலையைக் கொடுத்தவனுக்குத் தொப்பி அவசியமாயிருந்தது. மூடிய மோட்டார் காரில், தாழ்ந்த கூரையின்கீழ் அமர்ந்து அலுவலக வாசலிலேயே இறங்குகிறவனுக்கோ அது இடைஞ்சலாயிற்று. வாழ்க்கையின் அமைப்பு மாறியதனால் கழன்ற ஒன்று, ஒரு மனிதர் கழற்றியதனால் கழன்றது என்று சொல்வது நியாயமாகாது.

தொப்பி கழன்றபோது அதனுடன் ஒரு பெருந்தொழிலும் சாய்ந்தது. நல்ல ஃபெல்ட் தொப்பி நெய்யப்படுவதன்று. முயல், குழிமுயல், பீவர் ஆகிய பிராணிகளின் மென்மயிரைக் காற்றில் ஊதிப் பறக்கவிட்டு, துளைகளிட்ட கூம்பொன்றின்மேல் உறிஞ்சிப் படியச்செய்து, வெந்நீரால் நனைத்து உரித்தெடுக்கின்றனர். அப்போது அது தொட்டாற் பிய்ந்துவிடும் பஞ்சுக் கூம்பாக, உருவில் தொப்பியைப்போல் இருமடங்குக்கு மேற்பட்டதாக இருக்கும். அதை வெந்நீரில் நனைத்து உருட்டி, நனைத்து உருட்டி, இழையோடு இழை இறுகிச் சுருங்கும்வரை வேலை செய்தபின், சாயமேற்றி, நீராவியில் இளக்கி, மர அச்சின்மேல் இழுத்து உருக்கொடுத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ரிப்பனும் உட்புறத் தோற்பட்டையும் தைப்பார்கள். 1857-இல் இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரியா நகரில் ஜியூசெப்பே போர்சலினோ தொடங்கிய நிறுவனத்தில், ஒரு தொப்பி முற்றுப்பெற ஐம்பதுக்கு மேற்பட்ட படிகளும் ஏறக்குறைய ஏழு வாரங்களும் ஆகின்றன என்பர்.

இக்கலையின் மேன்மையைச் சொல்லும்போது அதன் கொடுமையை மறைப்பது தகாது. மயிர் நன்கு இறுகும்பொருட்டு முற்காலத்தில் பாதரச உப்பைப் பூசினார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளருக்குக் கைகால் நடுக்கமும் சித்தப் பேதலிப்பும் உண்டாயின. தொப்பி நகரம் என்று பெயர்பெற்ற அமெரிக்காவின் டான்பரியில், அந்நடுக்கத்தை ஊரின் பெயராலேயே அழைத்தார்கள். 1941-இல்தான் அந்நாட்டுத் தொப்பித் தொழிலில் பாதரசம் கைவிடப்பட்டது. பழைய தொப்பியின் அழகை வியப்போர், அக்கைகளையும் நினைத்தல் வேண்டும்.

இனி, மறுவரவு என்னும் விஷயத்துக்கு வருவோம். 1981-இல் தொப்பியணிந்த கதாநாயகன் இண்டியானா ஜோன்ஸ் திரையில் தோன்றியதும், 2013-இல் பீக்கி பிளைண்டர்ஸ் தொடர் தட்டைத் தொப்பியைக் காட்டியதும், மறு ஆண்டு கிராமி விழாவுக்குப் பாடகர் ஃபாரெல் வில்லியம்ஸ் மலைபோன்ற உச்சியுடைய தொப்பியோடு வந்ததும் தொப்பி ஆசையைக் கிளறிவிட்டது மெய்யே. ஆனால் திரையில் பிறந்த ஆசை திரையோடே மங்குவதும் நாம் கண்டதே. அலென் டெலோன் நடித்த 1970-ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்கே பெயராகும் அளவு கீர்த்தி பெற்ற போர்சலினோ நிறுவனம், முந்தைய உரிமையாளரின் நிதிச் சிக்கலில் அகப்பட்டு 2017-இல் திவாலாயிற்று; அந்தக் கீர்த்தி அதைக் காக்கவில்லை. மறு ஆண்டு வேறு கைக்கு மாறி, இன்றும் அது தொப்பி செய்கிறது என்பது ஆறுதல். இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டிலோ தொப்பி ஆலைகள் ஓய்ந்து, தொப்பிக்கென ஓர் அருங்காட்சியகமே எஞ்சியுள்ளது.

தொப்பி உண்மையில் நிலைத்த இடத்தைக் காண விரும்புவோர் ஆஸ்திரேலியாவை நோக்குக. வெயிலினால் தோற்புற்று மிகுதியாக வரும் அந்நாட்டில், சட்டை அணிக, களிம்பு பூசுக, தொப்பி தரிக்க என்ற பிரசாரம் 1981-இல் தொடங்கி ஜனங்களின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தொப்பியில்லாத குழந்தை வெயிலில் விளையாடலாகாது, நிழலிலேயே இருக்கவேண்டும் என்பது பல பள்ளிகளின் விதி. பயிரை அழிக்கும் குழிமுயலின் மயிரைக்கொண்டே ஆகுப்ரா நிறுவனத்தார் செய்யும் அகன்ற விளிம்புடைய தொப்பி, அங்கே மேய்ச்சல்காரனின் உடைமை. நாகரிகம் விதித்ததனால் அவன் அதை அணியவில்லை. ஆகவே நாகரிகம் மாறினும் கழற்றமாட்டான். ஏவலினால் தலையேறிய தொப்பிக்கு இந்த உறுதி இல்லை. அதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு: நம் தஞ்சைக் கலைஞர்கள் கோபுரமும் தேரும் செதுக்கும் அதே நெட்டியால் ஆனதுதான் வெள்ளைத் துரைமார் தலையில் வீற்றிருந்த வெயில் தொப்பி; ஆட்சி போனதும் அத்தொப்பி போயிற்று, நெட்டிக் கலை இருக்கிறது.

ஆதலால் என் அபிப்பிராயம் இது: எல்லா ஆடவரும் அணிந்தே தீரவேண்டும் என்ற கட்டாயமாகத் தொப்பி இனி வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். வெயில் கடுமையாகிவரும் உலகில், தலைக்கு நிழல் தேடுகிறவன் மலிவான துணிக்குல்லாயைவிட நல்லதொன்றை விரும்பி வாங்குவான் என்ற அளவில் அது வரும், வரத் தொடங்கியுமிருக்கிறது.

ஆனால் அவ்வாறு தொப்பி தேடி வருகிறவனுக்குக் கொடுக்கச் சரக்கு இருக்குமா என்பதே எனக்குள்ள கவலை. பனாமா தொப்பி பனாமாவிலன்றி எக்குவடோர் நாட்டில் பிறப்பது. பனையைப் போன்ற டொக்கீயா என்னும் செடியின் இளங்குருத்தைக் கிழித்து, வேகவைத்து, உலர்த்தி, கையாலேயே பின்னுகின்றனர். 2012-இல் யுனெஸ்கோ இந்நெசவை மானிட குலத்தின் கலாசாரச் செல்வமாக அங்கீகரித்தது. அந்நாட்டு மான்டெக்ரிஸ்டி ஊரின் மிக நுண்ணிய தொப்பியைப் பின்ன மாதக்கணக்கில் ஆகும். அயல்நாட்டுக் கடைகளில் அதற்குக் கிடைக்கும் பெரும் விலையில் சிறு பகுதியே நெய்தவரை அடைகிறது. அதனால் அவ்வூர் இளைஞர் வேறு வேலை தேடிப் போகின்றனர், நுண்ணெசவில் தேர்ந்தவர்களோ முதியவர்களாகவும் மிகச் சிலராகவும் இருக்கின்றனர். வருங்காலத்தில் எத்தனை தலைகள் தொப்பியை நாடும் என்று கணக்கிடும் வியாபாரிகள், இந்த நெசவாளருக்குரிய கூலியை இப்போதே உயர்த்தத் தொடங்க வேண்டும்.