பரண் மேல கிடைச்ச மூணு பொருளும், 35 வயசுல மாத்தின வேலையும்



போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல பரண் சுத்தம் பண்ற படலம். நான் மேல, மனைவி கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு. "எது வேணும், எது வேண்டாம்னு நீங்களே பிரிச்சிடுங்க, அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது"ன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க.

பழைய நியூஸ்பேப்பர் கட்டுக்குப் பின்னாடி மூணு பொருள் கிடைச்சது. ஒரு பக்கம் தோல் கிழிஞ்ச மிருதங்கம். தெருமுனை ஆசாரி கிட்ட செதுக்கி வாங்கி, சச்சின் பேட்ல இருக்கிற மாதிரியே ஸ்டிக்கர் ஒட்டின கிரிக்கெட் பேட். அப்புறம், 11 வருஷம் கழுத்துல மாட்டியிருந்த கம்பெனி ஐடி கார்டு.

மூணையுமே "வேண்டாம்" பக்கம் வைக்க மனசு வரல. அங்கேயே உக்காந்து யோசிச்சதுதான் இந்தக் கட்டுரை. வேலை மாத்தறதைப் பத்தி நம்ம வீடியோக்கள்ல நிறைய பேசியிருக்கோம். ஆனா நான் வேலை மாத்தினப்போ பண்ணின தப்பை இதுவரைக்கும் முழுசா சொன்னதில்ல. இன்னைக்கு சொல்லிடறேன்.

முதல் பொருள்: மிருதங்கம்

எனக்குச் சொந்த ஊர் திருச்சி பக்கம். ஒன்பது வயசுல மிருதங்க வகுப்புல சேத்துவிட்டாங்க. பத்தாவது பப்ளிக் எக்ஸாம் வந்ததும் நிறுத்திட்டாங்க. நம்ம ஊர்ல எத்தனையோ கலைஞர்களை அந்தப் பத்தாவது பரிட்சைதான் முழுங்கியிருக்கு, உங்க வீட்லயும் ஒருத்தர் இருப்பார்!

முதல் ஆறு மாசம் வாத்தியார் மிருதங்கத்தைத் தொடவே விடல. கையில தாளம் போடணும், அவ்வளவுதான். ஆதி தாளம்: ஒரு தட்டு, மூணு விரல் எண்ணிக்கை, அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் 8 எண்ணிக்கை. பாட்டு நடுவுல நான் வெளியில கிரிக்கெட் சத்தத்தைக் கேட்டுக் கையை நிறுத்தினா ஒரு முறை முறைப்பார். "பாட்டு நிக்கலாம்டா, தாளம் நிக்கக்கூடாது"ம்பார்.

அப்போ அது எரிச்சலா இருந்துச்சு. இப்போ யோசிச்சா, வேலை மாத்த நினைக்கிற எல்லாருக்கும் முதல் பாடமே அதுதான். உங்க கேரியர் பாட்டு. அதை நிறுத்தலாம், ராகம் மாத்தலாம். ஆனா ஒண்ணாந்தேதி வாடகை, அஞ்சாந்தேதி ஈஎம்ஐ, ஜூன் மாச ஸ்கூல் ஃபீஸ், இதெல்லாம் தாளம். நீங்க பாடினாலும் பாடாட்டியும் அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்.

ஏ.ஆர்.ரஹ்மான் கதையையே எடுத்துக்கோங்க. ஒன்பது வயசுல அப்பா ஆர்.கே.சேகரை இழந்துட்டார். அப்பா விட்டுட்டுப் போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடியிருக்கு. கருவிகளை வித்திருந்தா அன்னைக்கு ஒரு தொகை கையில வந்திருக்கும். வாடகைக்கு விட்டதால மாசாமாசம் வந்துச்சு, கருவியும் கூடவே இருந்துச்சு. அப்புறம் கீபோர்டு வாசிப்பு, விளம்பரங்களுக்கு இசைன்னு வேலை. 1989-ல வீட்டு வளாகத்துலயே சொந்த ஸ்டூடியோ. 'ரோஜா' வந்தது 1992-ல. நமக்கு 'ரோஜா' மட்டும்தான் ஞாபகம் இருக்கு. அதுக்கு முன்னாடி பல வருஷம் தாளம் நிக்காம பாத்துக்கிட்டதை நாம கணக்குல எடுக்கறதில்ல.

ரெண்டாவது பொருள்: பேட்

தெரு டீம்ல நான் ஓப்பனிங் பேட்ஸ்மேன். காரணம் திறமை இல்லைங்க, பேட் என்னோடது! பேட் ரெண்டா பிளந்ததும் என்னை விக்கெட் கீப்பர் ஆக்கிட்டாங்க. ஆச்சரியம் என்னன்னா, கீப்பிங் எனக்கு நல்லா வந்துச்சு. பந்து எப்படி வரும்னு பேட் பிடிச்சவனுக்குத் தெரியும்ல?

இது தெருக்கதை. பெரிய கதை ஒண்ணு இருக்கு. நம்ம அஸ்வின் சின்ன வயசுல ஓப்பனிங் பேட்ஸ்மேனா ஆடினவர். அப்புறம்தான் ஆஃப் ஸ்பின்னர் ஆனார். 106 டெஸ்ட்ல 537 விக்கெட். சரி, பழைய பேட்டிங் வீணாப் போச்சா? டெஸ்ட்ல 6 சதமும் அடிச்சிருக்கார். ஆட்டத்தை மாத்தல, ஆட்டத்துக்குள்ள இடத்தை மாத்தினார்.

வேலை மாத்தறேன்னு சொல்ற பலரும் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கணும்னு நினைக்கிறாங்க. அப்படி அவசியமே இல்ல. நான் வேலை பாத்தது சென்னைக்கு வெளியில ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலை, தரக்கட்டுப்பாடு பிரிவு. நாள் முழுக்க அளவு எடுக்கறது, எக்செல்ல ஏத்தறது, எங்க தப்பு நடந்துச்சுன்னு தேடறது. இப்போ பண்றதும் அதேதான். அப்போ நட்டு போல்ட்டு, இப்போ நம்ம குடும்ப பட்ஜெட்டு!

மூணாவது பொருள்: ஐடி கார்டு

இங்கதான் கொஞ்சம் சீரியஸ் ஆகணும்.

2022-ல, 35 வயசுல வேலையை விட்டேன். கையில 4,50,000 ரூபாய். அதுல 1,65,000 கிராஜுவிட்டி. கணக்கு ரொம்ப சுலபம்: கடைசி அடிப்படைச் சம்பளம் 26,000, அதை 26-ஆல வகுத்து 15-ஆல பெருக்கினா 15,000, அது தடவை 11 வருஷம். மீதி எங்க சேமிப்பு.

வீட்டுச் செலவு மாசம் 45,000. மனைவி ஸ்கூல் டீச்சர், அவங்க சம்பளம் 22,000. பத்தாக்குறை 23,000. நாலரை லட்சத்தை 23,000-ஆல வகுத்தேன். 19 மாசத்துக்கு மேல வருது! அன்னைக்கு நான் நடந்த நடையைப் பாத்திருக்கணும் நீங்க, சொந்தமா தீவு வாங்கினவன் மாதிரி.

முதல் அஞ்சு மாசத்துல புது வேலையில சம்பாதிச்சது 6,200 ரூபாய். அதுவும் ஒரு மைக் வாங்கினதோட சரி. பரவாயில்ல, 19 மாசம் இருக்கேன்னு தைரியம்.

அஞ்சாவது மாசக் கடைசியில ஒரு நாள் காலையில அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஞ்சியோபிளாஸ்டி பண்ணி ஒரு ஸ்டென்ட் வெச்சாங்க. பில் 2,40,000. இன்சூரன்ஸ் டெஸ்க்ல இருந்த பொண்ணு கார்டு கேட்டாங்க. பர்ஸைத் திறந்தேன். பழைய கம்பெனி கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் கார்டு உள்ளேயே இருந்துச்சு. அதுக்கு உயிர் போய் அஞ்சு மாசம் ஆச்சு.

ஆமாங்க. அம்மா அப்பாவுக்கும் சேத்து கம்பெனி கொடுத்த காப்பீடு, என் கடைசி வேலை நாளோட முடிஞ்சிருச்சு. எனக்குத் தெரியாமலா? தெரியும். "அடுத்த மாசம் தனியா ஒண்ணு எடுத்துக்கலாம்"னு அஞ்சு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தேன். அடுத்தவங்க பட்ஜெட்ல ஓட்டை கண்டுபிடிக்கறவன் வீட்ல இவ்வளவு பெரிய ஓட்டை.

அப்பா நல்லபடியா வீடு திரும்பினார், அது பெரிய விஷயம். ஆனா கணக்கு? அஞ்சு மாசச் செலவு போக 3,35,000 இருந்துச்சு, பில் கட்டினதும் 95,000. என்னோட 14 மாசத் தீவு ஒரே வாரத்துல நாலு மாசத் திண்ணை ஆயிருச்சு.

நகையை அடகு வைக்கலாமான்னு யோசிச்சேன். மனைவி கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு ரெண்டு நாள் தவிச்சேன். கடைசியில அவங்களே வந்து, "நகை எங்கயும் ஓடிப்போகாது. அதுக்கு முன்னாடி உங்க பழைய மேனேஜர் கிட்ட ஒரு போன் பண்ணிப் பாருங்களேன்"னாங்க. கோபம்தான் வந்துச்சு. பிரிவு உபசாரத்துல மைக் பிடிச்சு அவ்வளவு பேசிட்டு, மாலையெல்லாம் போட்டு அனுப்பின இடத்துக்கே திரும்பவா?

மூணு நாள் கழிச்சு போன் பண்ணினேன். ஆடிட் நேரம்கிறதால அவங்களுக்கும் ஆள் தேவைப்பட்டுச்சு. வாரம் மூணு நாள், ஒப்பந்த அடிப்படையில, மாசம் 24,000. முதல் நாள் கேட்ல செக்யூரிட்டி அண்ணன் என்னைப் பாத்து, "என்ன சார், எதையாவது மறந்து வெச்சிட்டுப் போயிட்டீங்களா?"ன்னார். "ஆமாண்ணே, இன்சூரன்ஸை"ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

பத்தாக்குறை 23,000, வருமானம் 24,000. ஆயிரம் ரூபாய் மிச்சம்! எட்டு மாசம் அப்படி ஓடுச்சு. மீதி நாலு நாள் வீடியோவும் எழுத்தும். அந்த எட்டு மாசத்துலதான் புது வேலை காலூன்ற ஆரம்பிச்சது. இன்னைக்குப் பழைய சம்பளத்துல முக்கால்வாசி வருது. சில மாசம் கூட, சில மாசம் பாதி.

திரும்பிப் போறது தோல்வியா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாம குழம்பினப்போ எனக்குத் துணையா இருந்தது வருண் சக்கரவர்த்தியோட கதை. ஸ்கூல்ல கிரிக்கெட் ஆடினவர், விட்டுட்டு ஆர்க்கிடெக்சர் படிச்சார், வேலையும் பாத்தார். திரும்ப கிரிக்கெட்டுக்கு வந்தார், வேகப்பந்து வீசினார். முழங்கால்ல அடிபட்டதும் சுழலுக்கு மாறினார்.

2018 டிசம்பர் ஐபிஎல் ஏலத்துல அடிப்படை விலை 20 லட்சம், போனது 8.4 கோடி. ஆனா காயத்தால அந்த சீசன்ல ஆடினது ஒரே ஒரு மேட்ச். அடுத்த ஏலத்துல விலை 4 கோடி. நமக்கு 4 கோடி பெருசு, அது வேற விஷயம்! ஆனா ஒரே வருஷத்துல பாதிக்கு மேல குறைஞ்ச வருமானம்ங்கிறதைக் கவனிங்க. மாசச் சம்பளத்தை விட்டு வெளிய வந்தா இப்படித்தான் இருக்கும், கோடியா இருந்தாலும் ஆயிரமா இருந்தாலும்.

2021 டி20 உலகக் கோப்பை சரியாப் போகாம இந்திய அணியில இடம் போச்சு. மூணு வருஷம் கழிச்சு 2024-ல திரும்ப வந்தார். 2025 சாம்பியன்ஸ் டிராஃபியில மூணே மேட்ச்ல 9 விக்கெட். நடுவுல இருந்த அந்த மூணு வருஷத்தை யாரும் தோல்வின்னு சொல்ல மாட்டாங்க. அப்போ என்னோட எட்டு மாசம் மட்டும் எப்படித் தோல்வி ஆகும்?

ரிசைன் லெட்டர் அடிக்கறதுக்கு முன்னாடி

நான் பட்டது போதும், நீங்க இதைப் பாத்துக்கோங்க.

1. வேலையில இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனியா ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்துடுங்க. ஏற்கெனவே சுகர், பிபி இருந்தா காத்திருப்புக் காலம் உண்டு. இப்போதைய விதிப்படி அது அதிகபட்சம் 3 வருஷம். அந்தக் கடிகாரம் சம்பளம் வரும்போதே ஓட ஆரம்பிக்கட்டும். குரூப் பாலிசியைத் தனிப் பாலிசியா மாத்திக்க முடியுமான்னு வெளிய வர்றதுக்கு முன்னாடியே எச்ஆர் கிட்டக் கேளுங்க.

2. மாசக் கணக்கு போடும்போது ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு தொகையைத் தனியா ஒதுக்கிட்டு, மீதியை மட்டும் வகுங்க. நான் மொத்தத்தையும் வகுத்தேன், அதான் 19-னு வந்துச்சு.

3. கிராஜுவிட்டிக்குப் பொதுவா தொடர்ந்து 5 வருஷம் வேலை பாத்திருக்கணும். நாலரை வருஷத்துல இருக்கீங்கன்னா, கோபத்துல கிளம்பாம நாளை எண்ணிப் பாருங்க.

4. பிஎஃப் பணத்தைத் தொடாதீங்க. தொடர்ந்து 5 வருஷம் முடியறதுக்குள்ள எடுத்தா வரி வரும். அதைவிட முக்கியம், அது 60 வயசு உங்களோட பணம், 35 வயசு உங்களோடது இல்ல.

5. பழைய ஆபீஸ்ல கதவை அறைஞ்சு சாத்தாதீங்க. மெதுவா சாத்துங்க. தாழ்ப்பாள் போட வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. எல்லாப் பாட்டும் தாளத்தோட முதல் தட்டுலயே ஆரம்பிக்காது. சில பாட்டு கொஞ்சம் தள்ளி எடுக்கும். அதுக்கு 'அனாகத எடுப்பு'ன்னு பேர். லேட்டா ஆரம்பிச்சதுன்னு அதைத் தப்பா யாரும் சொல்றதில்ல, கையில தாளம் சரியா இருக்கற வரைக்கும். என்னோட எடுப்பு 35 வயசுல. உங்களோடது 28-லயோ 45-லயோ இருக்கலாம்.

பரண் கதை என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? மிருதங்கத்துக்குத் தோல் மாத்தக் கொடுத்திருக்கேன், என் பொண்ணு கத்துக்கணுமாம். பேட் ஸ்டிக்கரோட ஷோகேஸ்ல. ஐடி கார்டு மட்டும் புது ஹெல்த் இன்சூரன்ஸ் ஃபைலுக்குள்ள இருக்கு. வருஷா வருஷம் பிரீமியம் கட்டும்போது அந்த மூஞ்சியை ஒரு தடவை பாத்துப்பேன்.

நீங்களும் இந்த வாரம் பர்ஸைத் திறந்து பாருங்க. உள்ள இருக்கிற இன்சூரன்ஸ் கார்டு யாரோடது, உங்களோடதா, கம்பெனியோடதா?