லாரி எடையும் மைக்ரோவோல்ட்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பு ஏற்றி வரும் லாரி முதலில் ஏறுவது எடைமேடையில்தான். உலைக்குள் போகும் முன்பே அந்த இரும்பின் விலை அங்கே முடிவாகிவிடுகிறது. சிவப்பு எழுத்தில் 39,870 கிலோ என்று விழுந்தால் விற்பவரும் வாங்குபவரும் மறுபேச்சு பேசுவதில்லை. ஆனால் எண் பளிச்சென்று தெரிவதாலேயே அது துல்லியமாகிவிடாது. பிழைகளைப் பிழைகளாலேயே கழித்துவிடும் மின்சுற்று உள்ளே இருந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

மேடைக்கு அடியில் இருப்பவை லோடு செல்கள், பெரும்பாலும் ஆறோ எட்டோ. ஒவ்வொன்றும் ஓர் எஃகுக் கட்டை. அதில் ஒட்டியிருக்கும் நான்கு மெல்லிய உலோகப் படலங்களில் இரண்டு பாரத்தால் நீளும், இரண்டு சுருங்கும். ஒவ்வொரு படலத்தின் 350 ஓம் மின்தடையும் முழுப் பாரத்தில்கூட முக்கால் ஓம் அளவுக்குத்தான் மாறும். அதை நேரடியாக அளப்பது வீண்வேலை. அதனால் நான்கையும் வீட்ஸ்டன் பாலமாக இணைத்து, இரு தட்டுத் தராசைப் போல இரு பக்க வித்தியாசத்தை மட்டும் எடுக்கிறார்கள். 10 வோல்ட் கொடுத்தால் முழுப் பாரத்துக்குக் கிடைப்பது வெறும் 20 மில்லிவோல்ட். 60 டன் மேடையில் பத்துப் பத்துக் கிலோவாகக் காட்ட, அதை 6,000 பங்காக்க வேண்டும். ஒரு பங்கு மூன்று மைக்ரோவோல்ட் சொச்சம். மேடையின் சொந்த எடையும் பாதுகாப்புக்கான கூடுதல் திறனும் போக, நடைமுறையில் இன்னும் குறைவு.

இவ்வளவு சின்ன அளவில் வெயிலும் கணக்கில் வந்துவிடும். ஆறு செல் உள்ள மேடையில் அவை பக்க இணைப்பில் சேர்ந்தால் மின்தடை சுமார் 58 ஓம். மேடையிலிருந்து எண்பலகை இருக்கும் அறைக்கு வரும் செம்புக் கம்பியின் தடை போக வர 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கம்பி 15 டிகிரி சூடேறினால் அந்தத் தடை ஆறு சதவீதம் கூடும். செல்லுக்குப் போகும் மின்னழுத்தம் 0.2 சதவீதம் குறையும். 40 டன் லாரியில் அது 80 கிலோ! இதற்கான விடை அழகானது. கூடுதலாக இரண்டு கம்பிகள், ஆக மொத்தம் ஆறு. மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாத அந்த இரண்டும் செல்லின் வாயிலில் உள்ள மின்னழுத்தத்தைத் திரும்பக் கொண்டுவருகின்றன. எண்ணாக மாற்றும் சில்லு அதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறது. மின்னழுத்தம் குறைந்தால் சமிக்ஞையும் அளவுகோலும் ஒரே விகிதத்தில் குறையும், எடை அசையாது.

இன்று 24 பிட் சில்லு மலிவு, ஒரு கோடியே 67 லட்சம் படிகள் தரும், பிறகென்ன கவலை என்று சிலர் கேட்பார்கள். சில்லுக்குள் நுழையும் முன்பே கெட்டுவிட்ட சமிக்ஞையை எத்தனை படியாகப் பிரித்தாலும் கெட்டதுதான். பூஜ்யப் பொத்தானை அழுத்தினால் போதாதா? காலி மேடையில் இருக்கும் பிழைக்குப் போதும். பாரத்தோடு சேர்ந்து வளரும் பிழையை, மேலே சொன்ன 80 கிலோவை, அது தொடாது. அரசு முத்திரை இருக்கிறதே என்பதில் நியாயம் உண்டு. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி மறுமுத்திரை கட்டாயம். ஆனால் நான்கு கம்பி மேடைக்குக் காலை ஏழு மணிக்குச் செய்த சோதனை, பகல் இரண்டு மணிக்குச் சாட்சி சொல்லாது.

எடைமேடை வாங்கும் ஆலைக்காரர்களே, எண்பலகையின் பளபளப்பைப் பார்த்து மயங்காமல், ஆறு கம்பியா நான்கு கம்பியா என்று கேளுங்கள். உச்சி வெயிலில் சோதனை எடை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.