லேசா முறுக்கினா 'டக்கு டக்கு'... பழைய ஆர்எக்ஸ் 100 திணறுவது ஏன்? சரிசெய்வது எப்படி?

பழைய ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு இது தினசரி அனுபவம். சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி சீறிக் கிளம்பும். முழுசா முறுக்கினால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மாநகரப் பேருந்துக்குப் பின்னால், மூன்றாவது கியரில், ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்தபடி போகும்போதுதான் சிக்கல். 'டக்கு டக்கு' என்று இடிக்கும், முன்னும் பின்னும் இழுக்கும். சில நேரம் அணைந்துவிடுவது போல ஒரு தயக்கம் காட்டும்.

மெக்கானிக்கிடம் போனால் பெரும்பாலும் இரண்டு பதில்தான். "மெயின் ஜெட்டை மாத்திப் பார்ப்போம்" அல்லது "போர் போட்டுடலாம் தம்பி". இரண்டுக்கும் காசு செலவாகும். ஆனால் இந்தத் திணறலுக்கும் அந்த இரண்டு வேலைக்கும் பல நேரங்களில் சம்பந்தமே இருக்காது.

பிறவிக் குணம் கொஞ்சம் உண்டு

1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான ஆர்எக்ஸ் 100-ல் இருப்பது 98 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் எரிந்த புகையை வெளியே தள்ள பிஸ்டன் தனியாக ஒருமுறை மேலே வரும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த வசதி கிடையாது. உள்ளே வரும் புது பெட்ரோல்-காற்றுக் கலவைதான் பழைய புகையைத் தள்ளி வெளியேற்ற வேண்டும்.

ஆக்சிலரேட்டரை லேசாகத் திறந்தால் உள்ளே வரும் கலவை குறைவு. அதனால் சிலிண்டருக்குள் பழைய புகை நிறைய தங்கிவிடும். பிளக் தீப்பொறி விட்டாலும் கலவை பற்றாது. அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் புதுக் கலவை சேரும், அப்போது பலமாக வெடிக்கும். அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்க வேண்டிய இன்ஜின், ஒன்றுவிட்டு ஒன்று வெடிக்கிறது. இதை 'ஃபோர் ஸ்ட்ரோக்கிங்' என்பார்கள்.

இதை ஒழிக்க பெரிய கம்பெனிகளே மெனக்கெட்டிருக்கின்றன. சிலிண்டரில் தங்கும் சூடான புகையைக் கொண்டே கலவையைத் தானாக எரியவைக்கும் நுட்பத்தை ஹோண்டா உருவாக்கியது. அந்த இன்ஜின் பொருத்திய இஎக்ஸ்பி-2 பைக்கை 1995 டக்கார் ராலியில் ஓட்டியும் காட்டியது. ஆகவே, நமது பழைய வண்டியில் லேசான தடதடப்பு இருந்தால் அது நோய் அல்ல. நேற்று வரை இல்லாத இடி இன்று வந்தாலோ, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனாலோதான் கவனிக்க வேண்டும்.

மெயின் ஜெட் ஏன் குற்றவாளி அல்ல?

கார்புரேட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு 'ஷிஃப்ட்' உண்டு. ஐட்லிங்கில் இருந்து எட்டில் ஒரு பங்கு த்ராட்டில் வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் வேலை பார்க்கும். அங்கிருந்து கால் பங்கு வரை, ஏறி இறங்கும் ஸ்லைடின் அடிப்பகுதியில் உள்ள சரிவான வெட்டு முடிவு செய்யும். கால் முதல் முக்கால் வரை நீடில், அதற்கு மேல்தான் மெயின் ஜெட். எல்லைகள் கொஞ்சம் முன்பின் கலந்திருக்கும். ஆனால் லேசான த்ராட்டிலில் வரும் கோளாறுக்கு மெயின் ஜெட்டை மாற்றுவது, சமையலறைக் குழாய் ஒழுகினால் மொட்டை மாடித் தொட்டியை மாற்றுவது போலத்தான்.

இன்னொரு விஷயம், வயது. ஸ்லைடும் நீடிலும் அதிர்ந்து அதிர்ந்து உரசியே தேயும். நீடில் இறங்கும் பித்தளைத் துளையும் வட்டம் மாறிப் பெரிதாகும். முப்பது வருஷம் ஓடிய கார்புரேட்டரில் இது சகஜம். துளை பெரிதானால் குறைந்த த்ராட்டிலில் பெட்ரோல் கூடுதலாக ஏறும். ஜெட் நம்பர் எல்லாம் சரியாக இருந்தும் வண்டி இடிக்க இது ஒரு முக்கியக் காரணம்.

பெட்ரோல் கூடுதலா, குறைவா?

கலவையில் பெட்ரோல் அதிகமானால் 'ரிச்', காற்று அதிகமானால் 'லீன்'. ரிச் என்றால் சத்தம் கனமாக, தொண்டை அடைத்தது போல வரும். புகை கூடும். பிளக் கருப்பாக ஈரமாக இருக்கும். இன்ஜின் சூடானதும் தொல்லை அதிகமாகும். லீன் என்றால் வண்டி வெடுக் வெடுக்கென்று இழுக்கும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ஐட்லிங் உடனே இறங்காமல் மேலேயே நிற்கும்.

சந்தேகமாக இருந்தால் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஆளில்லாத சாலையில் வண்டியை நிறுத்தி, சோக்கைப் பாதி போட்டுவிட்டு அதே மெதுவான வேகத்தில் சிறிது தூரம் ஓட்டுங்கள். திணறல் குறைந்தால் லீன், கூடினால் ரிச். ஓடும்போது குனிந்து சோக்கைத் தேட வேண்டாம்.

கார்புரேட்டரைத் தொடும் முன்

* செயின் தளர்ந்திருந்தால் சின்ன இடிகூட பெரிதாகத் தெரியும். அதை முதலில் சரிசெய்யுங்கள்.
* புது பிளக் போட்டுப் பாருங்கள். பாயிண்ட் உள்ள பழைய வண்டிகளில் பாயிண்ட் இடைவெளியையும் டைமிங்கையும் பார்க்க வேண்டும்.
* சைலன்சரில் கரி அடைத்தால் புகை வெளியேறாது, ஃபோர் ஸ்ட்ரோக்கிங் கூடும். சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரலாம்.
* ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் கலவை லீன் ஆகும். திரும்ப மாட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.
* கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.
* கிராங்க் ஆயில் சீல் முக்கியம். மேக்னெட் பக்க சீல் போனால் காற்று இழுத்து லீன் ஆகும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயில் இன்ஜினுக்குள் போய் வெள்ளைப் புகை கக்கும், ஆயில் அளவும் குறையும்.

காற்று எங்கே கசிகிறது என்று தெரியவில்லையா? விவரம் தெரிந்த மெக்கானிக்கால் இன்ஜினின் வாய்களை அடைத்து, சுமார் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க முடியும். சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை எங்கே என்று குமிழி காட்டிக்கொடுக்கும். போர் போடுவதற்கு முன் கேட்டு வாங்க வேண்டிய சோதனை இது.

டியூனிங்: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

கசிவு இல்லை என்று உறுதியான பிறகு, கார்புரேட்டரைக் கழுவி சூடான இன்ஜினில் தொடங்க வேண்டும். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுவதும் மூடி, ஒன்றரைச் சுற்று திறக்கவும். பிறகு கால் கால் சுற்றாகத் திருப்பி, ஐட்லிங் அதிகமாகவும் சீராகவும் இருக்கும் இடத்தில் நிறுத்தவும். இந்த வகை கார்புரேட்டரில் ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் லீன், உள்ளே திருப்பினால் ரிச். ஒரு சுற்றுக்குள்ளேயே நன்றாக ஓடினால் பைலட் ஜெட் சிறியது. இரண்டரைச் சுற்று தாண்டியும் போதவில்லை என்றால் ஜெட் பெரியது.

ஐட்லிங் சரி, ஆனால் அதற்கு அடுத்த கட்டத்தில் இடிக்கிறது என்றால் நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் மாற்றிப் பாருங்கள். கிளிப்பை மேலே ஏற்றினால் நீடில் இறங்கும், கலவை லீன் ஆகும். கீழே இறக்கினால் ரிச் ஆகும். அதிலும் சரியாகவில்லையா? நீடிலும் அதன் துளையும் தேய்ந்திருக்கலாம், மாற்ற வேண்டியதுதான். ஸ்லைடை மாற்றுவது கடைசி வேலை. அதன் நம்பர் கூடினால் லீன் என்பது கணக்கு.

இ20-க்கும் இதில் பங்கு உண்டு

2023-ல் அறிமுகமான இ20 பெட்ரோல் இப்போது எல்லா பங்குகளிலும் வந்துவிட்டது. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே அந்தக் காலப் பெட்ரோலுக்கு செட் செய்த கார்புரேட்டரில் 20 சதவீத எத்தனால் ஓடினால், கலவை சுமார் 8 சதவீதம் லீன் ஆகிறது. ஏற்கெனவே லீன் விளிம்பில் இருந்த வண்டி இதனால் இடிக்கத் தொடங்கலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் பதம் பார்க்கும். வாரக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

மைலேஜ் ஆசை வேண்டாம்

இடியை மறைக்கவோ மைலேஜ் கூட்டவோ கலவையை மேலும் லீன் ஆக்குவதுதான் பெரிய ஆபத்து. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினில், பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனுக்குப் போகும் ஆயிலும் குறையும். லீன் கலவை சூட்டையும் ஏற்றும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்சிலரேட்டரை மூடியபடியே இறங்குவதாக வைத்துக்கொள்வோம். இன்ஜின் வேகமாகச் சுற்றும், உள்ளே போகும் ஆயிலோ சொற்பம். பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பின் சக்கரமும் பூட்டிக்கொள்ளும். இறக்கத்தில் அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறுக்கு கொடுப்பது பழைய ஆட்களின் பழக்கம். அதில் அர்த்தம் இருக்கிறது. இன்ஜின் திடீரென்று இறுகுவது போல் தெரிந்தால் யோசிக்காமல் கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும்.

அடுத்த முறை "போர் போட்டுடலாம்" என்று சொன்னால், "எந்த த்ராட்டில்ல இடிக்குதுன்னு முதல்ல ஓட்டிப் பாருங்கண்ணே" என்று சாவியை நீட்டுங்கள். ஒரிஜினல் சிலிண்டரில் ஒருமுறை போர் போட்டால், பழைய அளவுக்கு அதைத் திரும்பக் கொண்டுவருவது லேசான காரியம் அல்ல. ஏர் ஸ்க்ரூவை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம்.