தொட்டிப்பாலத்தில் நீர் வேகம் பிடிப்பது ஏன்?

தொட்டிப்பாலம் என்பது தூண்கள் மேல் ஏற்றிவைத்த கால்வாய். பள்ளத்தாக்கின் ஒரு கரைக்கு வந்துசேரும் நீர், மோட்டார் எதுவும் இல்லாமல் மறுகரைக்குப் போய்விடுகிறது. குமரி மாவட்டத்தில் திருவட்டாறு அருகே, மாத்தூரில், பட்டணங்கால் கால்வாயைப் பறளியாற்றுக்கு மேலே கொண்டுசெல்லும் பாலம் 1966-இல் கட்டப்பட்டது. மொத்தம் 28 தூண்கள். மிக உயர்ந்தது 115 அடி. தொட்டியின் அகலம் ஏழரை அடி, உயரம் ஏழடி. ‘ஆசியாவிலேயே பெரியது’ என்று சுற்றுலாக் குறிப்புகள் இதற்குப் பட்டம் சூட்டுகின்றன. எந்த அளவில் பெரியது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. அந்தப் பட்டத்தைவிடத் தொட்டிக்குள் நடப்பது சுவையானது.

பள்ளத்தில் குழாயை இறக்கி மறுபுறம் ஏற்றினாலும் நீர் போகும். ஆனால் 115 அடி ஆழத்தில் அந்தக் குழாய் ஏறத்தாழ மூன்றரை வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். தொட்டியின் அடித்தளத்துக்கு மிஞ்சிப்போனால் ஏழடி நீரின் சுமைதான்.

அகலம் கூடக்கூடத் தூண்கள் தாங்கும் எடையும் கூடும். அதனால் அகன்று வரும் மண் கால்வாய், பாலத்தின் வாயில் குறுக்கப்படுகிறது. நீரின் அளவு குறையாது. வேகம் கூடியே ஆக வேண்டும். கூட்டத்தோடு ஒப்பிட்டால் இது புரியும். ஏற்காட்டு மலையுச்சியில் உள்ள சேர்வராயன் கோயில் ஒரு குறுகிய குகை. திருவிழா நாளில் நால்வர் நால்வராக வரும் வரிசை, குகை வாயிலில் இருவர் இருவராக ஒடுங்கினால், நடை இரு மடங்கு விரைய வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் கூட்டம் சேரும், நெருக்கித் தள்ளும். நீரும் இப்படித்தான்: தேவையான வேகம் கிடைக்கும்வரை பாலத்துக்கு முன்னால் மட்டம் உயர்ந்து, அந்த உயரமே முன்நீரைத் தள்ளுகிறது. சுவரை உரசி நடப்பவர் பிந்துவதுபோல் தொட்டிச் சுவரை ஒட்டிய நீரும் பிந்தும். உள்ளே நுழைந்ததும் வேகம் ஏற, மட்டம் சற்றே தாழ்கிறது. மறுகரையில் கால்வாய் அகலும்போது, வெளியே வந்தவர்கள் நடை தளர்ந்து நெருங்கி நிற்பதுபோல், வேகம் தணிந்து மட்டம் ஓரளவு மீள்கிறது.

தொட்டிக்குள் நீரின் வேகத்துக்கு வழவழப்பான கான்கிரீட்டும் துணை. ஒரே சரிவு, ஒரே ஆழம் என்றால், கான்கிரீட்டில் நீர் மண் வாய்க்காலைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் ஓடும். சரிவு தரும் இழுப்பும் உராய்வும் சமமாகும் இடத்தில் வேகம் நிலைக்கிறது. மண் கால்வாயில் வேகம் குறைந்தால் வண்டல் படியும், மிகுந்தால் கரை அரிக்கும். சரிவை அளந்து வைப்பதில்தான் பொறியாளரின் திறமை இருக்கிறது.

இந்த அறிவு பழையது. ரோமானியர்கள் தென் பிரான்சின் நீம் நகருக்கு 50 கிலோமீட்டர் தூரம் நீர் கொண்டுவந்தபோது மொத்த இறக்கம் 12.6 மீட்டர்தான். இலங்கையில் ஐந்தாம் நூற்றாண்டில், மன்னன் தாதுசேனன் காலத்தில், கலாவெவ ஏரியிலிருந்து அனுராதபுரத்துக்கு வெட்டிய யோத எல என்ற கால்வாய் 87 கிலோமீட்டர் நீளம். அதன் தொடக்கப் பகுதியில் கிலோமீட்டருக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் இறக்கமே உண்டு.

தொட்டியின் உட்புறம் பெயர்ந்து பாசி படிந்தால் உராய்வு கூடும். அதே சரிவில் கடைமடைக்குப் போகும் நீர் குறையும். தூண்களுக்கு வண்ணம் பூசுவதைவிட உட்சுவரை வழவழப்பாக வைத்திருப்பதே பாசனத்துக்கு முதல் தேவை.