பாரன் தீவு

பாரன் தீவு அந்தமான் கடலில், போர்ட் பிளேர் (2024 முதல் சிறீ விசயபுரம்) நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள எரிமலைத் தீவாகும். தெற்காசியாவில் உயிர்ப்புடன் உள்ள ஒரே எரிமலை இதுவே. மக்கள் வாழ்வதில்லை.

ஏறத்தாழ 3 கிமீ விட்டமுடைய இத்தீவு கடலுக்கு மேல் சுமார் 350 மீட்டர் உயரமே கொண்டது. மலையின் அடிவாரமோ 2,000 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் உள்ளது; கண்ணுக்குப் புலப்படுவது முகடு மட்டுமே.

இங்கு இந்தியப் புவித்தட்டு, பர்மாத் தட்டின் கீழ் அமிழ்கிறது. பாறை உருகுவதற்கு வெப்பம் மட்டுமே காரணம் எனப் பலர் கருதுவர். உண்மையில், அமிழும் தட்டு கொண்டுசெல்லும் நீர் ஆழத்தில் வெளியேறி, மேலுள்ள மூடகப் பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. அவ்வாறு உருவாகும் பாறைக்குழம்பே மேலெழுகிறது. அது குளிர்ந்து பெரும்பாலும் கரிய பசால்ட்டுப் பாறையாகிறது.

பழைய எரிமலை இடிந்ததால் உண்டான, சுமார் 2 கிமீ அகலமுள்ள பெருவாயின் நடுவே புதிய கூம்பு வளர்ந்துள்ளது. பெருவாயின் மேற்குச் சுவர் உடைந்திருப்பதால், எரிமலைக் குழம்பு அவ்வழியே கடலை அடைகிறது.

இதன் வெடிப்பு முதன்முதலில் 1787இல் பதிவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அடங்கியிருந்த எரிமலை, நூறாண்டுகளுக்கும் மேலான அமைதியைக் கலைத்து 1991இல் மீண்டும் வெடித்தது. பின்னர் 1994-95, 2005, 2017, 2025 ஆகிய ஆண்டுகளிலும் சீற்றம் காணப்பட்டது.